காலை ஐந்தே கால் முதல் ஆறே முக்கால் வரை

மார்ச் 4, திங்கள்

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.9 என்று வந்திருக்கிறது. டாக்டரம்மா அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்து எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். மாத்திரை இன்றே தொடங்க வேண்டுமாம். தினமும் முக்கால் மணி நேரமாவது உடம்பு வேர்க்க வேண்டுமாம். எனக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் ஓடக் கூடாது, சைக்கிள்தான் நல்லது என்றார்.

"நேரமே இல்லீங்க டாக்டர்" என்றேன்.

"நேரம் யாருக்குங்க இருக்குது? எடுத்துக்கறதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து என் ஒரு நாளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பம்பு கம்பெனியில் எனக்கு வேலையே அதுதான். எந்த வார்ப்பு என்றைக்கு வர வேண்டும், எந்த மோட்டார் எந்த மணிக்கு இறங்க வேண்டும் என்று இருபது வருடமாக அட்டவணை போடுகிறேன். எட்டரைக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டும். திரும்பி வடவள்ளி வந்து சேர ஏழரை ஆகிவிடும். அதன்பின் உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. இருப்பது காலை மட்டும்தான்.

காலை ஐந்தே காலிலிருந்து ஆறே முக்கால் வரை அப்பாவின் நேரம். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனதிலிருந்து, அவரை எழுப்பி, டயப்பர் மாற்றி, குளியலறை நாற்காலிக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டி, முகம் மழித்து, காப்பி கொடுப்பது என் பொறுப்பு. சமையல், யாழினியைக் கிளப்புவது, தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவது வேணியின் பொறுப்பு. அவள் கணக்கு டீச்சர். எட்டே முக்காலுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். பகலில் நாங்கள் இல்லாதபோது பக்கத்து வீட்டு லோகநாதன் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார்.

சாப்பிடும்போது வேணியிடம் தாளைக் காட்டினேன். எதுவும் கேட்கவில்லை. "எப்படி முடியும்னே தெரியல" என்று மட்டும் சொன்னேன். அவள் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"ஒரு மாசத்துக்கு மாமாவ நான் பாத்துக்கறனுங்க. உடம்பு முக்கியம்" என்றாள்.

அவளே சொன்னாள். குறித்துவைக்கிறேன்.

மார்ச் 9, சனி

சைக்கிள் வந்துவிட்டது. கறுப்பு நிறம், எட்டு கியர். யாழினி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "அப்பா, நீங்க இதுல ஏறுனா கீழ எறங்குவீங்களா?" என்றாள். ப்ளஸ் ஒன் பரீட்சை நடுவிலும் பேச்சுக்குக் குறைச்சலில்லை.

மார்ச் 11, திங்கள்

4 கி.மீ. தொடை இரண்டும் கல்.

மார்ச் 12, செவ்வாய்

4 கி.மீ. கிளம்பும்போது அப்பா அறையிலிருந்து "மணி... மணி..." என்று கூப்பிட்டார். தெய்வசிகாமணி என்று அவரே வைத்த பெயரில் இப்போது அவர் நாக்குக்கு வருவது அந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான். நின்றால் வெயில் ஏறிவிடும். வேணி போய்விட்டாள் உள்ளே.

மார்ச் 29, வெள்ளி

தொண்டாமுத்தூர் வரை போய்த் திரும்பினேன். 17 கி.மீ. வழியில் ஒரு குழு சேர்ந்துகொண்டது. பத்துப் பன்னிரண்டு பேர். தலைவர் ரங்கராஜ் என்பவர், நூல்மில் வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்டவர், வயது அறுபத்திரண்டு. அவர் கெண்டைக்காலைப் பார்த்தால் முப்பது என்பார்கள். "டெய்லி அஞ்சேகாலுக்கு பஸ் ஸ்டாப் டீக்கடைக்கு வந்துருங்க சார். ஒரு நா விட்டா ரெண்டு நா விடும். ரெண்டு நா விட்டா சைக்கிள்ல துணிதான் காயும்" என்றார்.

உண்மை. ஒழுங்கு என்பது விடாமல் இருப்பதுதான்.

ஏப்ரல் 10, புதன்

20 கி.மீ. சட்டைக்காலர் தளர்ந்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது வேணி, "இன்னையோட ஒரு மாசம் ஆச்சுங்க" என்றாள். நான் சைக்கிளைச் சொல்கிறாள் என்று நினைத்து, ஆமாம், நானே நம்பவில்லை என்றேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். பிறகுதான் புரிந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் ரத்தம் சோதிப்பார்கள், நடுவில் நிறுத்தினால் இதுவரை செய்ததும் வீண் என்று விளக்கினேன். கணக்கு டீச்சருக்குப் புரியாதா. ஒத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 22, திங்கள்

22 கி.மீ. எதிர்காற்று.

வேணி இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தாள். என்ன என்று கேட்டேன். அவள் பள்ளியில் நாலைந்து டீச்சர்கள் கட்டுகிறார்களாம். நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் வருவதுதான்.

அப்பா இப்போதெல்லாம் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. மாலையில் நான் டம்ளரை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறார். வயதானால் தாகம் குறையும் போலிருக்கிறது.

மே 6, திங்கள்

பள்ளிக்கு விடுமுறை. வேணி வீட்டில் இருப்பதால் நிதானமாகப் போக முடிகிறது. நரசீபுரம் வரை, 36 கி.மீ. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை, ஆனாலும் காலையில் மழை வாசம் இருக்கிறது.

மே 19, ஞாயிறு

நல்ல நாளைக் கெடுத்துக்கொண்டோம்.

44 கி.மீ. முடித்துவிட்டு எட்டரைக்கு வந்தேன். வேணி குளியலறை வாசலில், ஈரப் புடவையோடு, தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். மூச்சு வாங்கிக்கொள்கிறாளாம்.

"என்னங்க, ஒரு ஆள் வெச்சுக்கலாமுங்களா? ஆம்பள ஆளா. காலைல ரெண்டு மணி நேரம் வந்தாப் போதும்."

"வெளியாள் தொட்டா அப்பாவுக்குப் பிடிக்காது வேணி. முன்னாடி ஒருத்தன் வந்தானே, ஒரு வாரம்கூட நிக்கல."

"மருமக தொடறது மட்டும் புடிக்குதுங்களா? நான் துணி அவுக்கறப்ப மாமா கண்ண மூடிக்கறாருங்க. தெனமும். எந்நேரமும் மூடியே வெச்சுக்கிட்டு, முடிஞ்சுதா கண்ணு, முடிஞ்சுதா கண்ணுன்னு கேக்கறாரு."

 அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

(கேட்கவில்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார். புதிதாக வருபவனுக்குப் பழக்கிக் கொடுக்க ஒரு மாதமாவது காலையில் நான் கூட நிற்க வேண்டும். குழு இப்போதுதான் என்னை முன்வரிசைக்கு விட்டிருக்கிறது.)

ஜூன் 10, திங்கள்

6.6!

டாக்டரம்மா எழுந்து கைகொடுத்தார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். ஐந்தரைக் கிலோ இறங்கியிருக்கிறது. குழுவில் போட்டதும் எல்லாரும் வாழ்த்து. ரங்கராஜ் சார் ஜூலை 28 அன்று ஆழியாறு போய்த் திரும்பும் சைக்கிள் ஓட்டத்துக்கு என் பெயரைச் சேர்த்துவிட்டார். 126 கி.மீ. என் வாழ்க்கையில் நூறைத் தொட்டதில்லை.

வேணிக்குத்தான் முதலில் போன் செய்தேன். இன்று பள்ளி திறந்த நாள், சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மாலையில், "ரொம்ப சந்தோசமுங்க. அப்ப இனிமே காலைல நீங்க பாத்துக்குவீங்களா?" என்றாள்.

இப்போது நிறுத்தவே கூடாது என்பதுதான் டாக்டர் சொன்னது. அதைச் சொன்னேன். ஜூலை 28 வரை என்றேன். அவள் நாட்காட்டியைப் பார்த்தாள்.

ஜூன் 19, புதன்

டயர் பஞ்சரானதால் வீடு திரும்ப ஏழு இருபது. அப்பாவுக்குக் காலைச் சாப்பாடு ஊட்ட நான் இல்லாததால் வேணிக்குத் தாமதமாகி, தலைமையாசிரியை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாராம். பிள்ளைகள் முன்னால்.

"எடது காலு மரத்துப் போகுதுங்க. பலகைல எழுதறப்ப கால் இருக்குதா இல்லையான்னே தெரீல."

ரத்த ஓட்டம் குறைவாக இருக்கும். நீயும் சைக்கிள் ஓட்டு, எனக்கே முழங்கால் வலி போய்விட்டது என்றேன்.

அவள் சிரித்தாள். "எப்பங்க?"

நேரத்தைத் திட்டமிட இவளுக்குத் தெரியவில்லை. அதுதான் பிரச்சினை. உட்கார்ந்து அவளுக்கும் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். காலை நாலரைக்கு எழுந்தால் அப்பாவுக்கு முன்பாக இருபது நிமிடம் கிடைக்கிறது. மாலை ஐந்தரைக்கு, அரிசி வேகும்போது, ஒரு பதினைந்து. அவள் அதை மடித்து விடைத்தாள் கட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நன்றிகூடச் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

31 கி.மீ. காற்று.

ஜூலை 9, செவ்வாய்

எலும்பு டாக்டர் ஒருவரிடம் வேணி டோக்கன் வாங்கியிருக்கிறாள். வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அன்று ஒரு நாள் நான் அப்பாவோடு இருக்க முடியுமா என்று கேட்டாள். சனிக்கிழமைதான் கிணத்துக்கடவு வரை ஒத்திகை, ஆழியாற்றுக்கு முந்தைய ஒரே நீண்ட ஓட்டம். அதைச் சொன்னேன், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சரிங்க, ஆகஸ்ட்ல பாத்துக்கறேன்" என்று அவளே தள்ளிவைத்துவிட்டாள்.

ஜூலை 13, சனி

72 கி.மீ. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடித்துச் சைக்கிளோடு தூக்கியது. தாக்குப்பிடித்தேன். ரங்கராஜ் சார் "நீங்க ரெடி" என்றார்.

ஜூலை 28, ஞாயிறு

காலை 4.05. கிளம்புகிறேன். வேணி எழுந்து பேரீச்சையும் கடலைமிட்டாயும் பையில் வைத்துக் கொடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நாளை முதல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 31, புதன்

மூன்று நாட்களாக எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

காலை ஆறரைக்குப் பொள்ளாச்சி சேர்ந்தோம். அங்கே டீ. போனை எடுத்து நேரம் பார்த்துக்கொண்டேன், நல்ல வேகத்தில்தான் இருந்தோம். அங்கிருந்து காற்றும் துணையாக இருந்ததால் எட்டு மணிக்கெல்லாம் ஆழியாறு. அணைக்கு முன்னால் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போதுதான் போனைப் பார்த்தேன். பதினேழு அழைப்புகள். வேணி, யாழினி, பக்கத்து வீட்டு லோகநாதன், மீண்டும் யாழினி.

யாழினியைக் கூப்பிட்டேன். அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்பா, தாத்தா அம்மா மேல விழுந்துட்டாரு. பாத்ரூம்ல. அம்மாவால எந்திரிக்கவே முடியல. லோகு மாமா ஆம்புலன்ஸ்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்காரு. ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க."

ரங்கராஜ் சார் தெரிந்தவர் காரைப் பிடித்துக் கொடுத்தார். சைக்கிள் குழுவின் வண்டியில் வந்தது. நான் போய்ச் சேரும்போது மணி பத்து.

நாற்காலியிலிருந்து தூக்கும்போது வேணியின் இடது கால் மடங்கிவிட்டிருக்கிறது. அவள் மல்லாந்து விழ, அப்பா அப்படியே அவள் மேல் விழுந்திருக்கிறார். அப்பா எழுபத்து நாலு கிலோ. அவள் ஐம்பத்திரண்டு. அப்பாவின் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. வேணிக்கு முதுகுத் தண்டில் வட்டு பிதுங்கி நரம்பை முழுதாக அழுத்திவிட்டதாம். திங்கட்கிழமையே அறுவை செய்துவிட்டார்கள். இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை. வருமா என்று கேட்டேன். பல மாதமாக அழுத்தம் இருந்திருக்கிறது, கால் மரத்துப்போகவில்லையா, ஏன் முன்பே காட்டவில்லை என்று அந்த டாக்டர் என்னிடம் திருப்பிக் கேட்டார்.

டோக்கன் வாங்கினாள், அவளே தள்ளிவைத்துவிட்டாள் என்றேன்.

போன் மட்டும் சீட்டுக்கடியில் இருக்கும் பையில் இல்லாமல் கையில் இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஓட்டும்போது பார்க்க முடியாது. யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளக் கேண்டீனில் யாழினியோடு இட்லி. ஆறு நாட்களாக அவள் என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை. பரீட்சைக்குப் படிக்க முடியாத எரிச்சல் என்று நினைத்திருந்தேன்.

"அம்மா போன்ல ஃபர்ஸ்ட் கால் ஆறு முப்பத்தெட்டுப்பா" என்றாள்.

ஆமாம், நான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்றேன்.

"ரெண்டாவதும் ஆறு முப்பத்தெட்டுதான். ரெண்டும் முழுசா அடிக்கல. நீங்க கட் பண்ணியிருக்கீங்க. எனக்குத் தெரியும்ப்பா. நான் மாடில கதவச் சாத்திட்டுத் தூங்கிட்டு இருந்தேன். எந்திரிச்சுக் கீழ வந்தது ஏழே காலுக்கு. நான் தூங்குனது என் தப்புன்னு ஆறு நாளா அழுதுட்டிருக்கேன். நீங்க முழிச்சுத்தானே இருந்தீங்க?"

இட்லியை அப்படியே வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

எழுதிவிடுகிறேன். பொள்ளாச்சி டீக்கடையில் டம்ளர் கையில் இருந்தது. 'வேணி' என்று வந்தது. அப்பாவின் மாத்திரை எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டது, இப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். ரங்கராஜ் சார் "வீட்டம்மாவா? வெச்சுட்டு வாங்க சார், உடம்பு ஆறிரும்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும். வெட்டினேன். மீண்டும் வந்தது. மீண்டும் வெட்டி, சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டேன்.

அங்கிருந்து ஆழியாறு வரை நன்றாக ஓட்டினேன். அதையும் எழுத வேண்டும். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அப்பாவுக்கு இதயம் தாங்காது, அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். படுக்கையிலேயே வைத்துப் பார்ப்பதுதான்.

இன்று நான் அவருக்கு முகம் மழித்தேன். ஐந்து மாதமாகிவிட்டது. கன்னம் குழிந்து கத்தி வழுக்கிக்கொண்டு போகிறது. நர்ஸ் வந்து, "இவரு தண்ணியே குடிக்க மாட்டேங்கறாருங்க, யூரின்ல கிருமி ஏறிக் காய்ச்சல் வேற. வீட்லயும் இப்படித்தானா?" என்றாள்.

ஏன் அப்பா, குடிங்க என்று ஸ்பூனை வாயருகில் கொண்டுபோனேன்.

"வேண்டாம்... நனஞ்சிரும்."

"நனஞ்சா நனையட்டும்ப்பா."

"வேணி... தூக்கோணுமல்ல. பாவம்."

வேணி இங்கே இல்லை, கீழே இன்னொரு வார்டில் இருக்கிறாள், இப்போது தூக்குவது நான்தான் என்று சொன்னேன். மூன்று முறை சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நம்பாமல், வாயை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காய்ச்சல் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பா போய்விட்டார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வேணியை நாற்காலி வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அப்பாவின் தலைமாட்டில் அரை மணி நேரம் இருந்தாள். உறவுக்காரப் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மகளாட்டம் பார்த்தே, உனக்கு இப்படி ஆயிருச்சே என்று அழுதார்கள். பிறகு என்னிடம் வந்து, நீ எளச்சுப் போய்ட்டியே மணி, ஒரேயடியா ஓய்ஞ்சு போய்ட்டே என்றார்கள். ஒருத்திகூடச் சைக்கிளால் என்று நினைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வேணியின் அண்ணன் சுந்தரமூர்த்தி தன் ஊரான கோபியிலிருந்து கார் கொண்டுவந்தார். அங்கே அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே நல்ல பிசியோதெரபி இருக்கிறதாம்.

"மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க யாருங்க பாத்துக்குவாங்க? நீங்க எட்டு மணிக்குப் போனா ராத்திரி வர்றவரு. கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டும்."

நான் லீவு போடுகிறேன் என்றேன். அவர் வேணியைப் பார்த்தார். வேணி யாழினியின் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். 

யாழினி பள்ளி விடுதியில் சேர்ந்துகொள்கிறேன் என்று தானே போய்ப் படிவம் வாங்கி வந்திருந்தாள். கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினாள். போட்டேன்.

செப்டம்பர் 2, திங்கள்

ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

செப்டம்பர் 5, வியாழன்

அப்பா அறையைக் கழுவிவிட்டேன். டயப்பர் கட்டு ஒன்று பிரிக்காமலே இருக்கிறது. ஆள் வைக்கலாமா என்று அன்று அவரிடம் கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். அது எனக்கு அன்றே தெரியும்.

செப்டம்பர் 9, திங்கள்

32 கி.மீ.

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். ஐந்தே காலுக்கு வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

டீக்கடையில் ரங்கராஜ் சார் தோளைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டத்துலயும் விடல பாருங்க, அதான் சார் ஒழுக்கம்" என்று புதிதாக வந்த இரண்டு பேரிடம் என்னைக் காட்டினார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தனியாகத் திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

30 கி.மீ. வேறு வழியாக. அவர்களைப் பார்க்காமல்.

செப்டம்பர் 20, வெள்ளி

சர்க்கரை 5.8. டாக்டரம்மா நம்பாமல் இரண்டு முறை படித்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"உங்கள மாதிரி ஆளுங்களத்தான் மத்தவங்களுக்குக் காட்டோணும். கம்பெனி, குடும்பம், உடம்புக்கு முடியாத அப்பா, இத்தனைக்கு நடுவுல எப்படிங்க நேரம் எடுத்தீங்க? அடுத்த மாசம் இங்க நோயாளிகளுக்கு ஒரு கூட்டம் வெச்சிருக்கறோம். வந்து பத்து நிமிசம் பேசுங்களேன்."

ஊரில் இருக்க மாட்டேன் என்றேன். வெளியே வந்து மரத்தடியில் வெகுநேரம் நின்றிருந்தேன். அவரிடம் சொல்லியிருக்கலாம். நேரம் என் நாளில் இல்லை டாக்டர், அது வேணியின் இடுப்பில் இருந்தது, எடுத்துவிட்டேன் என்று. அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 5, சனி

கோபி போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

சொல்லாமல் போனேன். சுந்தரமூர்த்தியின் மனைவி வாசலிலேயே, "வேணி சிகிச்சைக்குப் போயிருக்குதுங்க. ஊன்றுகோல் வெச்சுட்டுத் தானே நடந்து போய்க்குது. அந்தத் தெருமொனைல, மருந்துக்கடைக்கு மேலங்க" என்று வழி சொன்னார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்திருக்கவும் கூடாது.

மாடியில் ஒரு நீள அறை. கட்டில்கள், சுவரில் கம்பி, ரப்பர் பட்டைகள். மூலையில் நகராத சைக்கிள் ஒன்று. அதன்மேல் வேணி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். இடது பாதம் தானாக நிற்காததால் அதை மிதிகட்டையோடு துணிப்பட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். முடியைச் சுருட்டிக் கொண்டையிட்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

என்னைப் பார்த்தாள். கால் நிற்கவில்லை.

"இன்னும் பன்னெண்டு நிமிசம் இருக்குதுங்க. அப்படி உக்காருங்க" என்றாள்.

சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. வலது கால் இறங்கும்போது சத்தம் வராது. இடது கால் இறங்கும்போது மட்டும் ஒரு முனகல், அவள் பல்லுக்குள்ளேயே. அங்கிருந்த பெண் வந்து முட்டியைப் பிடித்துச் சரிசெய்துவிட்டுப் போனாள். எனக்கு எழுந்துபோய் அந்தக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழவில்லை. அவள் சொன்னது உட்காரச் சொல்லி.

மணி அடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இறங்கவில்லை. அதன் மேலேயே இருந்தாள்.

நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதையெல்லாம் சொன்னேன். குளியலறையில் கைப்பிடிகள் வைத்தாயிற்று. சமையலுக்கு ஒரு அம்மா வருகிறார். கம்பெனியில் நேரத்தை மாற்றிக் கேட்டிருக்கிறேன். சைக்கிளை விற்றுவிடுகிறேன்.

"அத ஏனுங்க விக்கறீங்க? உங்களுக்கு வேணுமில்ல" என்றாள். கோபமே இல்லை குரலில். கணக்கு சொல்லிக்கொடுக்கும் குரல்.

"அந்தப் போன்... வேணி, நான்..."

"தெரியுமுங்க. மொத வாட்டி வெட்டுனப்ப கை பட்டிருக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது வாட்டிதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் உங்களுக்கு நான் கூப்படல. போனத் தரைல வெச்சுட்டேன், லோகு அண்ணனக் கூப்படலாம்னு நெனைக்கறதுக்குள்ள தண்ணில வழுக்கிக் கைக்கெட்டாமப் போயிருச்சு." துண்டை மடித்தாள். "முப்பத்தஞ்சு நிமிசம் மாமா எம்மேல கெடந்தாருங்க. தண்ணிக் கொழாய் வேற தொறந்தே இருந்துச்சு. என்ன விட்ரு கண்ணு, என்ன விட்ரு கண்ணுன்னு அழுதாரு. உங்கள எங்கீங்க மாமா விடறது, நீங்கதான் எம்மேல இருக்கறீங்கன்னேன். அந்த நெலமைலயும் சிரிச்சாருங்க. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் யாழினிய மாத்தி மாத்திக் கூப்பிட்டோம்."

அப்பா கடைசியாகச் சிரித்தது எப்போது என்று எனக்குத் தெரியாமலிருந்தது. இன்று தெரிந்துகொண்டேன்.

"எப்ப வர்றே?" என்றேன். 

"இங்க ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கறனுங்க. உக்காந்துட்டே பாடம் எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கறாங்க. யாழினி லீவுக்கு இங்க வந்துரும்."

"நான் கேட்டது..."

"வரலீங்க."

   கீழே மருந்துக்கடையில் யாரோ மாத்திரையின் பெயரைச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேணி திரும்பி, அந்தப் பெண்ணிடம், "கண்ணு, இன்னும் பத்து நிமிசம் சேத்து வெய்யி" என்றாள்.

"இன்னைக்கு இது போதுங்க்கா, வலிக்குமுங்க."

"வலிக்கட்டும். வெய்யி."

அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். வேணி முன்னால் சாய்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிதிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். பிறகு படியிறங்கி வந்து, பன்னிரண்டு மணிப் பேருந்தைப் பிடித்தேன்.